பூட்டில்லாத கல்வீட்டில் ஓர் இரவு

மலைக்குடிலில் தனியாக இரவு தங்கினேன் என்று சொன்னால் நம்மவர்கள் முதலில் பேயைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்தது பாம்பு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஓநாயைப் பற்றி விசாரிப்பார்கள். ஆற்றைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. ஸ்காட்லாந்து மலைகளில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது ஆறுதான். அதற்கடுத்து நனைந்த உடம்பும் அதன்மேல் வீசும் காற்றும். இருட்டும் தனிமையும் அந்த வரிசையில் வெகு பின்னால்தான் வருகின்றன.

நான் வேலை பார்ப்பது அபர்டீனில். வடகடல் எண்ணெய்த் தொழிலை நம்பி இங்கே வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. வார இறுதியில் பிரேமார் என்ற மலையூர் வரை காரில் போய், மலையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்புவது எங்கள் வழக்கம். பிரேமாரிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் உள்ளே போனால் லின் ஆஃப் டீ என்ற இடம். காருக்கு அதற்கு மேல் வேலை இல்லை. அங்கிருந்து சுமார் 13 கிலோமீட்டர் நடந்தால் கேர்ன்கார்ம்ஸ் மலைகளின் நடுவில், டீ ஆற்றங்கரையில், கொரூர் என்ற கல்குடில் இருக்கிறது. ஓர் அக்டோபர் மாதம் அங்கே தனியாகத் தங்கியதையும், அதற்கு முன்னும் பின்னும் வேறு குடில்களில் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்தக் குடில்களை இங்கே 'பாத்தி' என்கிறார்கள். மேய்ப்பர்களும் பண்ணையாட்களும் மான் காவலர்களும் தங்கிய வீடுகள் இவை. கொரூர் குடிலே 1877இல் மான் காவலர் ஒருவருக்காகக் கட்டப்பட்டதுதான். ஆட்கள் போன பிறகு பாழாய்க் கிடந்தவற்றைச் செப்பனிட்டுப் பாதுகாக்க 1965இல் மவுண்டன் பாத்தீஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இன்று சுமார் நூறு குடில்களைத் தன்னார்வலர்களே பராமரிக்கிறார்கள். கூரைத்தகட்டையும் சிமெண்டையும் முதுகில் சுமந்துகொண்டு போய் வேலை செய்கிறவர்கள் அவர்கள். வாடகை இல்லை, முன்பதிவு இல்லை, கதவுக்குப் பூட்டும் இல்லை. மின்சாரம், குழாய்த் தண்ணீர், படுக்கை எதுவும் கிடையாது. நாலு சுவர், ஒரு கூரை, தரை அல்லது பலகை. பெரும்பாலான குடில்களில் கழிப்பறைகூட இருக்காது, ஒரு மண்வெட்டிதான் இருக்கும். கொரூரில் கழிப்பறை இருப்பது பெரிய வசதி.

இதைப் படித்துவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏதாவது பாழடைந்த எஸ்டேட் வீட்டில் போய்ப் படுத்துவிடாதீர்கள். நம் காடுகளில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் இரவு தங்கக் கூடாது. யானையும் கரடியும் நடமாடும் இடத்தில் அந்தக் கட்டுப்பாடு நியாயமானதும்கூட. ஸ்காட்லாந்தில் ஓநாய் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. காட்டில் மிஞ்சியிருக்கும் பெரிய விலங்கு செம்மான். விஷப்பாம்பு ஒரே ஒரு வகை, அதுவும் அக்டோபர் குளிரில் வெளியே தலைகாட்டுவது அரிது. மனிதர்களுக்கும் இங்கே பெரிய தடை இல்லை. 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்கிற யாரும் மலையில் நடக்கலாம், கூடாரம் அடித்துத் தங்கலாம்.

குடில்கள் பற்றி எனக்குத் தெரிந்தவற்றிலேயே முக்கியமானது, குடிலில் நடக்காத ஒரு சம்பவம். 1971 நவம்பரில் எடின்பரோவிலிருந்து ஒரு பள்ளிக்குழு கேர்ன்கார்ம் பீடபூமிக்கு வந்தது. அங்கே ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் கரன் என்ற சின்னக் குடில் ஒன்று இருந்தது. அதில் இரவைக் கழிப்பது திட்டம். இரண்டு பிரிவாகப் போனார்கள். முன்னால் போன பிரிவு குடிலை அடைந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் பனிப்புயலில் சிக்கி, குடிலை அடைய முடியாமல் வெட்டவெளியில், பனியில் இரண்டு இரவுகள் கிடந்தார்கள். மாணவர்கள் ஐந்து பேரும், 18 வயதுப் பயிற்றுநர் ஒருவரும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு பெரிய விவாதம் நடந்தது. மேலே ஒரு குடில் இருப்பதே, 'எப்படியாவது அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம்' என்று ஆட்களை இழுக்கிறது என்ற வாதம் கடைசியில் வென்றது. 1975இல் கரன் குடிலை இடித்து அகற்றினார்கள்.

ஆதரவாகக் கட்டிய கூரை ஆபத்தாகிவிட்டது என்று இடித்தார்களே, அந்தத் தீர்ப்பைத்தான் நான் ஒவ்வொரு முறை மூட்டை கட்டும்போதும் நினைத்துக்கொள்கிறேன். குடில் இல்லை என்று வைத்துக்கொள். கதவு பனியில் மூடிக்கிடக்கிறது, அல்லது உள்ளே இருபது பேர் நெருக்கியடித்துப் படுத்திருக்கிறார்கள், அல்லது மூடுபனியில் உனக்கு வழியே தெரியவில்லை. முதுகில் இருக்கும் பையை வைத்துக்கொண்டு வெளியே ஒரு இரவைத் தாண்ட முடியுமா? முடியும் என்றால் போகலாம். முடியாது என்றால், குடிலை நம்பிப் போவது கடனை நம்பிக் கல்யாணம் வைப்பது மாதிரிதான்.

அதனால் என் பை பன்னிரண்டு கிலோவுக்குக் குறைந்ததில்லை. தூக்கப்பை, அதைவிட முக்கியமாகத் தரைவிரிப்பு, ஒரு சிறு கூடாரம். ஆள் முழுவதும் நுழைந்துகொள்ளும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் உயிர்காப்புப் பை, நீர்புகாத உறைக்குள் ஒரு செட் உலர்ந்த கம்பளி உடை, வரைபடம், திசைகாட்டி, விசில், இரண்டு டார்ச். ஒரு நாளைக்குக் கூடுதலான சாப்பாடு. எரிவாயுக் குப்பி வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போது ஆவியாகாமல் அடங்கிவிடும், அடுப்பு முக்கி முக்கி அணையும். புரொப்பேன் கலந்த குளிர்காலக் குப்பிதான் வேண்டும். ஜீன்ஸும் லுங்கியும் வீட்டிலேயே இருக்கட்டும். பருத்தி நனைந்தால் காயாது, காயும் வரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி தடுக்கவில்லை. "எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து தகவல் வரவில்லை என்றால் நான் போலீசைக் கூப்பிட வேண்டும்? அதை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்" என்றாள். தனியாகப் போகிறவர் வீட்டில் விட்டுப் போக வேண்டிய செய்தி இதுதான். ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கார் எண், நிறுத்தும் இடம், போகும் வழி, வரும் வழி, வானிலை மோசமானால் ஒதுங்கப்போகும் இடம், சட்டையின் நிறம், பையின் நிறம், கடைசியாக அந்த நேரம். கணக்குப்படி மதியம் இரண்டு மணிக்குக் காருக்கு வந்துவிடுவேன். தாளில் எழுதியது இரவு எட்டு மணி. கணுக்கால் பிசகி மெதுவாக நடந்து வந்தாலும் அதற்குள் வந்துவிடலாம். அதைத் தாண்டினால் அவள் 999ஐ அழைத்து, முதலில் போலீசைக் கேட்டு, பிறகு மலை மீட்புக்குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். மீட்புக்குழுவினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கட்டணம் கேட்க மாட்டார்கள். அதனாலேயே அவர்களை வீணாக அலையவிடக் கூடாது. தாளில் எழுதிய வழியை மலையில் போய் மாற்றவும் கூடாது. அந்தப் பக்கம் அழகாக இருக்கிறதே என்று ஒரு சிகரத்துக்கு ஏறிவிட்டால், தேடுகிறவர்கள் வேறு பள்ளத்தாக்கில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

செல்போனை நம்ப முடியாது. கொரூர் பள்ளத்தாக்கில் எனக்குச் சிக்னல் கிடைத்ததே இல்லை. அவசரச் செயற்கைக்கோள் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இல்லாதவர்கள் குறைந்தபட்சம் விசிலையாவது கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை. டார்ச்சால் காட்டும் அபாய அடையாளமும் இதே கணக்குதான்.

அம்மாவிடம் திரும்பி வந்த பிறகுதான் சொன்னேன். அவர் திட்டியதை இங்கே எழுத வேண்டியதில்லை.

லின் ஆஃப் டீயிலிருந்து முதல் ஐந்து கிலோமீட்டர் வண்டிப்பாதைதான். கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். பாதை முடியும் இடத்தில் டெர்ரி லாட்ஜ் என்ற பழைய வேட்டை மாளிகை, ஜன்னல்களில் பலகை அடித்து நிற்கிறது. சுற்றிலும் முதிர்ந்த ஸ்காட் பைன் மரங்கள். பக்கத்தில், ஆற்றோரமாக பாப் ஸ்காட்ஸ் என்ற இன்னொரு குடில் இருக்கிறது. ஒரு முறைக்கு மேல் தீப்பிடித்து எரிந்து, அத்தனை முறையும் மலையேறிகள் திரும்பக் கட்டிய குடில் அது. என் தாளில் ஒதுங்கும் இடமாக எழுதியிருந்தது இதைத்தான். இங்கே நின்று மணி பார்க்க வேண்டும், வானத்தைப் பார்க்க வேண்டும், தன் கால்களைக் கேட்க வேண்டும். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் பயணம் இங்கேயே முடிந்தது. தனியாகப் போகும்போது நம்மைத் தடுக்கப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால், தடுக்கும் இடத்தையும் முன்கூட்டியே குறித்துக்கொள்வது நல்லது.

அதற்குப் பிறகு லூய்பெக் ஓடை. வரைபடத்தில் பார்த்தால் பாதை நேராக ஓடைக்குள் இறங்கி மறுகரையில் ஏறுகிறது. கோடையில் கல்லுக்குக் கல் தாவிப் போய்விடலாம். நான் போனதற்கு முந்தைய நாள் நல்ல மழை. தாவும் கற்களின் தலை மட்டும் அவ்வப்போது தெரிந்து மறைந்தது. தண்ணீர் கருந்தேநீர் நிறம், பீட் எனப்படும் மக்கிய தாவர மண் கரைந்து வருவதால் எப்போதுமே அப்படித்தான். நிறத்தை வைத்து வெள்ளத்தைக் கணிக்க முடியாது, காதை வைத்துக் கணிக்கலாம். கரையில் அசையாமல் நின்றால் நீரின் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. மந்தமான, விட்டு விட்டு வரும் 'டொக், டொக்'. ஓடையின் தரையில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதுகிற சத்தம். கல்லையே உருட்டுகிற நீர் காலை விட்டுவைக்காது. முழங்கால் அளவுதானே என்று இறங்குகிறவர்கள் ஆழத்தைப் பார்க்கிறார்கள், வேகத்தைப் பார்ப்பதில்லை. கரையோடு சற்று மேலே போனால் ஒரு பாலம் இருக்கிறது. சுற்றுவழிக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். இருந்தும், நேர்வழியில் யாரோ இறங்கிய புதிய பூட்ஸ் தடம் கரையில் இருந்தது.

இதில் பலரும் மறக்கிற ஒன்று, திரும்பி வரும் நாள். சாயங்காலம் சாதுவாக இருக்கிற ஓடை, இரவெல்லாம் மழை பெய்தால் காலையில் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். மழை நின்ற சில மணி நேரத்தில் மலை ஓடைகள் வடிந்துவிடும் என்பதும் உண்மை. அந்தச் சில மணி நேரத்தைக் குடிலில் உட்கார்ந்து கழிக்கத்தான் அந்தக் கூடுதல் சாப்பாடு. மறுநாள் காலையில் முக்கியமான மீட்டிங் இருக்கிறது என்று நினைக்கிறவர் ஆற்றில் இறங்கிவிடுவார். ஆகவே திரும்பும் நாளுக்கு அடுத்த நாளும் விடுமுறை போட்டுவிட்டுத்தான் கிளம்புவது.

குன்றின் தோளைச் சுற்றி வளைந்ததும் டீ ஆற்றின் பெரிய பள்ளத்தாக்கு திறந்துகொள்கிறது. லாரிக் க்ரூ என்ற பழைய கணவாய் வழி அது. எதிரே டெவில்ஸ் பாயிண்ட், 1004 மீட்டர், கறுத்த பாறை முகம். அதன் காலடியில் ஒரு சாம்பல் புள்ளி. அதுதான் குடில். கண்ணுக்குத் தெரிந்துவிட்டதே, இனி எட்டிப் பிடிக்கிற தூரம்தான் என்று மனம் தளர்ந்துவிடும். அங்கிருந்து ஆற்றுப்பாலம் வரை சேறும் கல்லும் மாறி மாறி வருகிற தூரம் நன்றாகவே இருக்கிறது. களைத்த கால் இடறுவது அங்கேதான்.

நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே ஒரே அறை, மரப்பலகை அடித்த சுவர், சிறிய ஜன்னல். யாரும் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம் என்று உடம்பு கெஞ்சும், கேட்கக் கூடாது. நடந்து வந்த சூடு பத்து நிமிடத்தில் போய்விடும். வியர்வையில் நனைந்த உள்சட்டையை உடனே கழற்றி உலர்ந்ததை மாட்ட வேண்டும். பிறகு பக்கத்து ஓடையில் மறுநாள் காலைக்கும் சேர்த்துத் தண்ணீர். குடிலுக்குக் கீழே ஒருபோதும் மொள்ளக் கூடாது, மேல்பக்கமாகப் போய் எடுக்க வேண்டும். பிறகு படுக்கை, கதவுக்கு நேரே இல்லாமல் மூலையில். விறகைப் பற்றி நினைக்கவே வேண்டாம், சுற்றிலும் எரிக்க ஒரு குச்சி கிடைக்காது. கொண்டுபோன துணியும் தூக்கப்பையும்தான் சூடு.

இருட்டும் முன் குடிலை ஒரு சுற்று சுற்றி வந்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் தனியாகத் தங்கும் எல்லோருக்கும் சொல்வேன். எந்தத் தகடு தளர்ந்திருக்கிறது, தாழ்ப்பாள் காற்றில் எப்படித் தட்டும், எந்தப் பக்கம் ஓடையின் சத்தம் வரும் என்று பகலில் பார்த்து, கையால் அசைத்து, காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இரவு இரண்டு மணிக்கு 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால், அது தாழ்ப்பாள் என்று தெரிந்தவன் புரண்டு படுத்துவிடுவான். தெரியாதவன் விடியும் வரை கதவைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

குடிலில் ஒரு நோட்டுப்புத்தகம் இருந்தது. பெயர், தேதி, எங்கிருந்து வந்தேன், நாளை எந்த வழியாக எங்கே போகிறேன் என்று எழுதினேன். பொழுதுபோக்குக்காக எழுதுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். தேடி வருகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

அக்டோபர் நடுவில் இங்கே மாலை ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். காலையில் ஏழே முக்காலுக்குத்தான் உதிக்கும். குளிரை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இந்தப் பதினாலு மணி நேரத்தை எதிர்பார்ப்பதில்லை. தனியாக இருப்பவரின் பெரிய தொல்லை பயம்கூட அல்ல, பொழுது போகாமை. பொழுது போகாத மனம்தான் பயத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருகிறது. நான் வேலைகளைப் பங்கு பிரித்து வைத்துக்கொண்டேன். ஆறரைக்கு ரசம் கொதிக்க வைப்பது, ஏழுக்குப் பருப்புப்பொடி சாதம், பாத்திரம் துடைப்பது, எட்டு மணி வரை படிப்பது, பிறகு சுக்குக் காபி, வரைபடத்தில் மறுநாள் வழியை விரலால் நடப்பது. அடுப்பு எரியும்போது குளிர்ந்தாலும் பரவாயில்லை என்று கதவைச் சற்றே திறந்து வைத்தேன். மூடிய சின்ன அறையில் எரிவாயு அடுப்பு கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை வலிக்கிறதே, களைப்பாக இருக்கும் என்று படுத்துவிடுவோம். கூடாரத்துக்குள் சமைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

எட்டு மணி இருக்கும், அந்தச் சத்தம் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி நீண்டு, கடைசியில் இருமலாக முறிந்து விழுகிற உறுமல். கொஞ்ச நேரத்தில் எதிர்ச்சரிவிலிருந்து பதில். செம்மான் கிடாக்கள் இனக்கூடல் காலத்தில் ஒன்றை ஒன்று மிரட்டிக் கத்தும் என்பதும், அது அக்டோபரில்தான் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கையில் இருந்த டம்ளர் கொஞ்சம் ஆடியது. பாறைச்சுவர்கள் அந்தக் குரலை வாங்கித் திருப்பிக் கொடுக்கும்போது அது எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாது, சுவருக்கு அந்தப் பக்கத்திலேயே நிற்பதுபோல் இருக்கும். வெளியே போய் டார்ச் அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துக் கிடாவின் அருகே போவது புத்திசாலித்தனம் இல்லை.

பேய் கேட்டவர்களுக்கு ஏமாற்றம் வேண்டாம், அதுவும் உண்டு. பள்ளத்தாக்கின் கிழக்குப் பக்கம் எழுந்து நிற்பது பென் மக்டூயி, 1309 மீட்டர், பிரிட்டனின் இரண்டாவது உயரமான சிகரம். நார்மன் காலி என்ற வேதியியல் பேராசிரியர், தேர்ந்த மலையேறி, 1891இல் மூடுபனியில் அந்தச் சிகரத்திலிருந்து தனியாக இறங்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவர் மூன்று நான்கு அடி வைத்தால் அது ஒரு அடி வைத்தது. பேராசிரியர் பல மைல் தூரம் ஓடியே இறங்கியிருக்கிறார். இதை அவர் 1925இல் அபர்டீனில், மலையேறிகளின் கூட்டத்தில்தான் வெளியே சொன்னார். அன்று முதல் அந்த மலைக்கு ஒரு 'சாம்பல் மனிதன்' வந்து சேர்ந்தான். அவர் பொய் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. மூடுபனி, களைப்பு, பசி, தனிமை நாலும் சேர்ந்தால் விஞ்ஞானியின் காதும் அப்படித்தான் கேட்கும். எனக்குக் கவலை தருவது அந்தக் காலடி அல்ல, அந்த ஓட்டம். மூடுபனியில் பாறைச்சரிவில் ஓடியும் அவர் உயிரோடு இறங்கியது அதிர்ஷ்டம். பயம் வந்தால் செய்யக்கூடாதது இடத்தை விட்டுக் கிளம்புவது. கைக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும். நான் தண்ணீர் கொதிக்க வைப்பேன். எப்படியும் தேவைப்படும், கொதித்த நீரைக் கெட்டியான பாட்டிலில் ஊற்றி இறுக மூடி, காலுறைக்குள் போட்டுத் தூக்கப்பையின் கால்பக்கம் வைத்தால் நள்ளிரவு தாண்டும் வரை சூடு நிற்கும்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்கள் விலை உயர்ந்த தூக்கப்பை வாங்கிவிட்டு விரிப்பில் மிச்சம் பிடிக்கிறார்கள். உடம்பின் எடையில் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும், பிறகு தரைக்கும் முதுகுக்கும் நடுவே இருப்பது விரிப்பு ஒன்றுதான். வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது. இரண்டு பேரீச்சம்பழம், ஒரு கடலைமிட்டாய் தின்றுவிட்டுப் படுத்தால் வித்தியாசம் தெரியும். சிறுநீரை அடக்கிக்கொண்டு கிடப்பதும் தவறு. எழுந்தால் குளிருமே என்று இரண்டு மணி நேரம் புரள்வதைவிட, இரண்டு நிமிடம் நடுங்கிவிட்டு வந்து தூங்கலாம்.

அப்படி நள்ளிரவில் வெளியே வந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. தலையில் மாட்டிய டார்ச்சைப் போட்டால் கண்ணெதிரே வெள்ளைச் சுவர் எழுந்தது. ஒளி பனித்துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்புகிறது, சொந்தக் கால்கூடத் தெரியவில்லை. டார்ச்சைக் கழற்றி இடுப்புக்குக் கீழே கையில் பிடித்துத் தரையைப் பார்த்து அடித்ததும் பாதை தெரிந்தது. கிளம்பும் முன்பே இரண்டாவது டார்ச்சை ஜன்னலில் எரியவிட்டுத்தான் வந்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் சுவர் இல்லை, கூரை இல்லை, மங்கலான மஞ்சள் பொட்டு மட்டும். அந்தப் பொட்டு இல்லையென்றால் எந்தப் பக்கம் திரும்புவது என்று உண்மையிலேயே யோசித்திருப்பேன். குடிலுக்கு வெளியே இருபது அடியில் வழி தவறுவது கேட்கச் சிரிப்பாக இருக்கலாம், கையுறையும் மேல்சட்டையும் உள்ளே இருக்கும்போது அது சிரிப்பு இல்லை. அன்று முதல் எத்தனை சின்ன வேலைக்கு வெளியே போனாலும் முழுதாக உடுத்திக்கொண்டுதான் போகிறேன்.

எலிகள் பற்றிச் சொல்லாமல் விட்டால் குடில்களை அறிந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆள் படுத்ததும் அவை வந்துவிடும், பையைக் கடித்து ஓட்டை போடும். இதற்கு ஒரு வழியை வேறொரு முறை, வேறொரு குடிலில், இரவு ஒன்பது மணிக்கு மேல் கதவைத் தட்டிய பெரியவர் ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். மலையில் தனியாகப் படுத்திருக்கும்போது கதவு தட்டப்படுவது அத்தனை இனிய அனுபவம் அல்ல. ஆனால் கடைசியாக வருகிறவருக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பது குடிலின் எழுதாத விதி. அவர் நனைந்த பூட்ஸை வாசலில் கழற்றி, ஓரமாக விரித்துக்கொண்டு, உத்தரத்து ஆணியில் சாப்பாட்டுப் பையைக் கயிற்றில் தொங்கவிட்டார். கயிற்றின் நடுவில் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் குடை மாதிரி கோத்து, கீழே முடிச்சுப் போட்டிருந்தார். எலி கயிறு வழியாக இறங்கும், வழுக்கும் குடையைத் தாண்ட முடியாது. "என் அப்பா தகர மூடியில் செய்வார்" என்றார். அதற்கு மேல் அதிகம் பேசவில்லை, என் காபியை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டாவது டம்ளர் கேட்டார்.

ஆணுக்கு இந்தக் கதை இப்படி முடிகிறது. எங்களோடு வேலை பார்க்கும் தமிழ்ப் பெண் ஒருவர் என்னைவிட அதிகமாகத் தனியாகப் போகிறவர். அவர் சொல்வதை அப்படியே தருகிறேன். போகும் இடத்தைப் போவதற்கு முன் சமூக ஊடகத்தில் எழுதுவதில்லை. குடிலுக்குள் நுழைந்ததும் பையை இறக்காமல் அங்கே இருப்பவர்களோடு ஐந்து நிமிடம் பேசுகிறார். மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால், "இன்னும் கொஞ்ச தூரம் போகிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்து, கண்ணுக்கு மறைவாகக் கூடாரம் அடித்துவிடுகிறார். கூடாரம் இல்லாமல் போயிருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லவே முடியாது என்றார்.

காலையில் கிளம்பும் முன் அறையைப் பெருக்கி, என் குப்பையோடு யாரோ விட்டுப்போன ஒரு காலி எரிவாயுக் குப்பியையும் எடுத்துக்கொண்டேன். அடுத்தவருக்கு உதவுமே என்று மிச்சச் சாப்பாட்டை வைத்துவிட்டு வரும் பழக்கம் வேண்டாம், அது எலிக்குத்தான் உதவும். கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் விழுந்ததைக் கையால் இழுத்துப் பார்த்தேன். ஓடை வடிந்திருந்தது. இருந்தாலும் பாலத்தின் வழியாகவே வந்தேன்.

முதல் முறை முயல நினைக்கிறவர்கள் கொரூருக்குப் போக வேண்டாம். பாப் ஸ்காட்ஸ் குடிலுக்குப் போங்கள். காரிலிருந்து ஒன்றரை மணி நேர நடைக்குள் இருக்கிறது, இரவு இரண்டு மணிக்கு மனம் மாறினாலும் வண்டிப்பாதையைப் பிடித்துத் திரும்பி வந்துவிடலாம். மே மாதம் நல்லது. இரவு சிறியது, மிட்ஜ் எனப்படும் கடிக்கும் குட்டிப்பூச்சிகள் அவ்வளவாக வந்திருக்காது. சனிக்கிழமையை விட்டுவிட்டு வார நாளில் போனால் தனிமை கிடைக்க வாய்ப்பு அதிகம். மலை வானிலை அறிக்கையில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் காற்றின் வேகத்தையும், முந்தைய இரண்டு நாள் மழையையும் பாருங்கள். தாளை ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். திரும்பியதும் சிக்னல் கிடைக்கும் முதல் இடத்தில் வண்டியை நிறுத்தி வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள், பிரேமாரில் டீ குடிப்பதற்கு முன்பே.